இடது பக்கம் ஸ்டீயரிங் வைத்த அம்பாசிடர்

வெள்ளிக்கிழமையிலிருந்து நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றி முடிந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: லெகோ பிளாஸ்டிக் கட்டையில் நான் வடிவமைத்து, செய்முறையை இலவசமாகக் கொடுத்த அம்பாசிடர் கார் மாடலை, என் பேரை வெட்டிவிட்டுத் தங்களுடையது என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எங்கள் லெகோ ரசிகர் குழுவில் இதைப் பற்றிய என் பதிவை நீக்கிவிட்டு, "இரு தரப்பினரும் அமைதி காக்கவும்" என்று அட்மின் எழுதினாரே, அதற்காகத்தான் இது. இரு தரப்பாம். பர்ஸைப் பறிகொடுத்தவனும் பறித்தவனும் இரு தரப்பு என்றால், சரி, நாங்களும் இரு தரப்புதான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பேரைப் போடுங்கள். காசு கேட்கவில்லை, விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டியின் ஓரத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் வடிவமைத்தவன் பேர். அவ்வளவுதான்.

"நீதானே இலவசமாகக் கொடுத்தாய்?" என்று பதினைந்து பேராவது கேட்டுவிட்டார்கள். ஆமாம், கொடுத்தேன். அன்னதானத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் கடை போட்டு, சமைத்தது நாங்கள்தான் என்று போர்டு மாட்டக் கூடாது. செய்முறைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்: கட்டுங்கள், மாற்றுங்கள், விற்பதாக இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த முதல் பக்கத்தைத்தான் அவர்கள் முதலில் கிழித்தார்கள்.

சொந்தமாக வடிவமைத்த மாடலை எங்கள் வட்டத்தில் மாக் என்போம். மை ஓன் கிரியேஷன். (என் மச்சான் மொக்கை என்பான், அது வேறு.) பேரிலேயே 'மை ஓன்' இருக்கிற ஒரு விஷயத்தில் யாருடையது என்று சொல்ல இவ்வளவு கஷ்டம்.

கட்டைதானே, அடுக்கினால் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. லெகோ கட்டையின் மேலே இருக்கும் குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர். பிளேட் என்கிற மெல்லிய கட்டையின் உயரம் 3.2. அம்பாசிடர் 1.66 மீட்டர் அகலம். எட்டு ஸ்டட் அகலத்தில் கட்டினால் 64 மில்லிமீட்டர், அதாவது நிஜ வண்டியில் 26இல் ஒரு பங்கு. நீளம் இருபத்தொரு ஸ்டட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கணக்கு அதோடு முடிந்தது. அப்புறம்தான் வேலையே. அந்த வண்டியில் நேர்கோடு எங்கே இருக்கிறது? முன் மட்கார்டு வளைவு, கூரை வளைவு, பின் டிக்கி வளைவு. சதுரக் கட்டையில் வளைவைக் கொண்டுவர, கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மில்லிமீட்டர், இரண்டு ஸ்டட் அகலமும் 16. அந்த ஒரு பொருத்தத்தை வைத்துத்தான் பக்கவாட்டு வேலை எல்லாமே ஓடுகிறது. முன் மட்கார்டு மட்டும் ஒன்பது தடவை பிரித்துக் கட்டினேன். மொத்தம் 412 துண்டு, ஏழு மாதம். அதிலும் ஹெட்லைட் வளையத்துக்கான யோசனை என்னுடையது இல்லை, வெளிநாட்டு நண்பர் ஒருவருடையது. அதை மூன்றாம் பக்கத்தில் அவர் பேரோடு எழுதியிருக்கிறேன். எழுதியதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

1995இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர், கம்ப்யூட்டரிலேயே கட்டைகளை அடுக்க எல்டிரா என்ற மென்பொருளை எழுதினார். இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் யாரோ சம்பளமில்லாமல் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான துண்டுகளை வரைந்து சேர்த்தார்கள். அதில் எந்தத் துண்டின் கோப்பையும் திறந்து பாருங்கள், மேலே வரைந்தவர் பேர் இருக்கும். ஒற்றை ஸ்டட் குட்டித் துண்டுக்கே பேர் உண்டு. லெகோ நிறுவனமும் ஐடியாஸ் திட்டத்தில் ரசிகர் வடிவமைப்பை எடுத்துக்கொண்டால் நிகர விற்பனையில் 1 சதவீதம் கொடுத்து, செய்முறைப் புத்தகத்தில் அவரைப் பற்றியும் போடுகிறது. 2016இல் வந்த கேட்டர்ஹாம் கார் மாடல் அப்படி வந்ததுதான். நான் அந்த ஒரு சதவீதத்தைக் கூடக் கேட்கவில்லை. பேர்.

"அம்பாசிடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற பிரிட்டிஷ் காரைப் பார்த்துச் செய்ததுதானே, நீ மட்டும் என்ன புதிதாகக் கண்டுபிடித்தாய்?" என்று ஒரு அறிவாளி. அது பார்த்துச் செய்தது இல்லை ஐயா, உரிமம் வாங்கிச் செய்தது. கேட்டு வாங்கினார்கள். நான் சொல்வதும் அதைத்தான்.

"லெகோவே காப்பிதானே?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனின் ஹிலாரி பேஜ் செய்த கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் லெகோக்காரர்கள் 1949இல் தங்கள் கட்டையைக் கொண்டுவந்தார்கள். உள்ளே குழாய் வைத்து, இன்று நாம் பிடிக்கும் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கேட்டார்கள். அந்தக் காப்புரிமையும் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் உருவத்தை டிரேட்மார்க்காக வைத்துக்கொள்ள முடியாது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கட்டையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். என் பெட்டியிலேயே பாதி சீனக் கட்டைதான். பொம்மைக்கு இறக்குமதி வரியை 2023இல் 70 சதவீதமாக்கிய ஊரில் வேறென்ன செய்வது? விலை குறைவாகக் கொடுத்தால் நாலு குழந்தைகள் கட்டும் என்கிறீர்கள். கட்டட்டும். பேரைப் போட்டால் விலை ஏறிவிடுமா?

இன்னொருவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர், என் வீட்டில் காபி குடித்தவர், "விடுங்க பாஸ், நாற்பத்திநாலு வயசுல பொம்மைக்குச் சண்டை போடுறீங்க" என்று எழுதிச் சிரிக்கும் முகமும் போட்டிருந்தார். அதற்கு முப்பத்தேழு லைக். எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

பொம்மைதான். ஆனால் எந்த வண்டி என்று யாராவது கேட்டீர்களா? அப்பா மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருடம் அம்பாசிடர் ஓட்டினார். ஊட்டிக்குச் சவாரி. முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும், லீவு நாளில் நான் அதில் நடுவில் உட்கார்ந்து போவேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கை கியரை அவர் இழுக்கும்போது முழங்கை என் தோளில் இடிக்கும். மலையேறும் வழியில் பர்லியாரில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், எனக்கு மங்குஸ்தான் வாங்கித் தருவார். 2014இல் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்துக் காட்டியபோது, "நம்மளது அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மாடலில் அந்தக் கை கியர் இருக்கிறது. 412இல் ஒரு துண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. நம்பர் பிளேட்டில் அவர் வண்டி நம்பரைச் சின்ன ஸ்டிக்கராக ஒட்டியிருந்தேன்.

பெட்டியில் அந்த நம்பரை அழித்திருக்கிறார்கள். என் பேரை வெட்டியதை விட இதுதான் வலிக்கிறது. சரி, அவர்களுக்கு அது என்ன என்று தெரிய நியாயமில்லை. தெரிந்தாலும் அழித்திருப்பார்கள்.

படத்தைத் தேடினால் என்னுடையது வந்துவிடக் கூடாது என்று, போட்டோவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதனால் பெட்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம்! இந்தியாவில் அம்பாசிடரில் ஏறிய யாருக்கும் இது கண்ணில் குத்தும், விற்பவருக்குக் குத்தவில்லை. உள்ளே இருக்கும் புத்தகத்தைத் திருப்பவில்லை, அதற்குச் சோம்பல். தரையில் ஒரு சிவப்புப் பிளேட் வரும். அன்று என்னிடம் கறுப்பு தீர்ந்துபோயிருந்தது, அதனால் சிவப்பு. அந்தச் சிவப்பையும் அப்படியே பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். "நாங்களே சொந்தமாக வடிவமைத்தது" என்று பதில் எழுதினார்களே, அந்தச் சிவப்புப் பிளேட் எதற்கு என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

எல்லாப் பக்கத்திலும் என் பேரை வெட்டியவர்கள் 41ஆம் பக்கத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். அதைப் பார்த்து நேற்று இரவு திருநெல்வேலியிலிருந்து ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். மகனுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாராம். பெட்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது, புத்தகத்தில் வலது பக்கம், எது சார் சரி என்றார். காசை அங்கே கொடுத்துவிட்டுச் சந்தேகத்தை என்னிடம் கேட்கிறீர்களா என்று டைப் செய்து அழித்தேன். வலது பக்கம்தான் என்று சொல்லி, பின் கதவு கழன்று விழாமலிருக்க ஒரு மாற்றத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து இன்னொரு கேள்வி வந்தது. நம்பர் பிளேட் காலியாக இருக்கிறதே சார், அதில் என்ன நம்பர் எழுதுவது என்று பையன் கேட்கிறானாம்.

அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

கோப்பு பழைய இடத்தில்தான் இருக்கிறது, இப்போதும் இலவசம்தான். இந்தப் பதிவைப் பகிர்பவர்கள் தயவுசெய்து படத்தின் கீழ் ஓரத்தை வெட்டாமல் பகிரவும்.