மாதம் இருபது பதிவு வாங்கும் முதலாளிமாருக்கு

கொழும்பில் கடை நடத்தும் நம்மவர்கள் பலர் பேஸ்புக் பக்கத்தை ஏஜென்சியிடம் ஒப்படைக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "மாதத்துக்கு எத்தனை பதிவு தருவீர்கள்?" என்பதுதான். பன்னிரண்டு என்பவருக்கு வேலை கிடைக்காது. அதே காசுக்கு இருபது என்பவருக்குக் கிடைக்கும். வணிகப் பக்கங்களில் நான் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பேரத்தில்தான் தொடங்குகின்றன.

இருபது பதிவுக்கு விஷயத்துக்கு எங்கே போவது? வாழ்த்துதான். போயாவுக்கு ஒன்று, ஆசிரியர் தினத்துக்கு ஒன்று, தேநீர் தினத்துக்கு ஒன்று. குளியலறை டைல்ஸ் விற்பவருக்கும் தேநீர் தினத்துக்கும் என்ன உறவு என்று எவரும் கேட்பதில்லை. மூலையில் லோகோ இருந்தால் கணக்கில் ஒன்று கழிந்தது.

இவற்றையெல்லாம் மாதத் தொடக்கத்திலேயே நேரம் குறித்து ஏற்றிவிடுகிறார்கள். 2025 நவம்பர் 28ஐ நினைத்துப் பாருங்கள். உலகம் முழுக்கக் கடைகள் பிளாக் ஃப்ரைடே கழிவு அறிவிக்கும் வெள்ளிக்கிழமை அது. அன்றுதான் டித்வா சூறாவளி நம் நாட்டைப் புரட்டிப் போட்டது. மலையகத்தில் மண்சரிவு, களனி கங்கைக் கரையோரம் வெள்ளம். பதுளையில் இருக்கும் தாயின் தொலைபேசி வேலை செய்யாமல் பேஸ்புக்கில் தகவல் தேடுகிற ஒருவர் முன் "இன்று மட்டும் பாதி விலை" என்று பலூன் பறந்தால், அந்தக் கடையை அவர் எப்படி நினைவு வைத்திருப்பார்? நேரம் குறித்த பதிவை நிறுத்தச் சில நொடிகள் போதும். காசு கட்டி பூஸ்ட் செய்த விளம்பரத்தைத் தனியாக நிறுத்த வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால், நிறுத்த வேண்டும் என்று தோன்றுவதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டுமே!

தமிழ் எழுத்தின் கதி தனிக் கதை. ஃபோட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், "கொழும்பு" என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். பாமினியில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான். டிசைனருக்குத் தமிழ் தெரியாததில் தவறில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணிலும் படாமல் அது வெளியே போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், உங்கள் டைம்லைனில் பகிருங்கள், ரைஸ் குக்கர் வெல்லுங்கள்" என்ற போட்டிகளும் அப்படித்தான். டைம்லைனில் பகிர்வதைப் போட்டியின் நிபந்தனையாக வைப்பது பேஸ்புக்கின் விதிகளுக்கே முரண். டேக் கேட்டு, லைக் கேட்டுத் தூண்டில் போடும் பதிவுகளைக் குறைவாகவே காட்டுவோம் என்று 2017 டிசம்பரிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. நாம் இன்னும் குக்கர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சல் மூட்டுவது விலை விவகாரம். சேலைப் படத்தின் கீழே ஒரு பெண் "விலை?" என்று கேட்கிறார். "இன்பொக்ஸ் பாருங்கள்" என்று பதில். இன்பொக்ஸில், "தொடர்புகொண்டமைக்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்" என்ற தானியங்கி வரி. விலை வந்து சேர்வதற்குள் அவர் காலி வீதியில் அடுத்த கடையில் சேலை வாங்கி, பிளவுஸும் தைக்கக் கொடுத்திருப்பார். விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாராம்! புறக்கோட்டையில் எதிர்க்கடைக்காரருக்கு உங்கள் விலை வேண்டுமானால், ஒரு பையனை அனுப்பி ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்வார். நீங்கள் மறைப்பது வாங்க வந்தவரிடம் மட்டுமே.

அடுத்த ஒப்பந்தத்தில் பதிவுகளை எட்டாகக் குறையுங்கள். மிஞ்சும் காசுக்கு, வேலை முடிந்து ஆட்கள் தொலைபேசியை எடுக்கும் மாலை நேரத்தில் பதில் எழுத, மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை அமர்த்துங்கள். விலைப்பட்டியலும் கையிருப்பு விபரமும் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும். ஒரு பதிவை உங்களைக் கேட்காமலே நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள்.