ஜப்பானின் 201 மின்ரயில் தோல்வியடைந்த வண்டியல்ல
சாப்பர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) சரிவராததால்தான் 201 வகை ரயிலுக்குப் பதில் 205 வகை வந்தது என்று ஒரு கட்டுரையில் இருப்பது தவறு. தைரிஸ்டர் என்ற குறைக்கடத்தி சுவிட்ச் கொண்ட சாப்பரோடு 1981 முதல் டோக்கியோவின் சூவோ விரைவுத் தடத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஓடியது 201. இடித்தது விலைதான், கடனில் மூழ்கியிருந்த ஜப்பான் தேசிய ரயில்வேக்குக் கட்டுப்படியாகவில்லை.

1985-இல் டோக்கியோவின் யமனோதே வட்டத் தடத்துக்கு வந்த 205, பழைய 103 வகை ரயில் போலவே மின்தடைகளைப் படிப்படியாகக் கழித்து வேகமெடுக்கும். பிரேக் போட்டால் மோட்டாரின் புலச்சுருளுக்கு (காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) தனியாக மின்னோட்டம் ஊட்டி, உற்பத்தியாகும் மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பும். அதை இழுத்துக்கொள்ள அருகில் வேறு வண்டி இல்லையென்றால் இந்த மீள்மின் பிரேக் விட்டுப்போகும். காற்று பிரேக்தான் கைகொடுக்கும். எளிமையான, அருமையான தீர்வு!

முதலில் வந்த நான்கு 205 தொடர்களில் (பெட்டிகள் கோத்த முழு வண்டிகளில்) பக்க ஜன்னல் இரண்டு அடுக்காக இருந்தது. பின்னால் வந்தவற்றில் கீழிறங்கும் ஒரே கண்ணாடி.