கை காட்டிய பெரியவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

உழவு இயந்திரத்தில் வந்த பெரியவர் ஒருவர் கை காட்டித் திரும்பும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதைப் பகிர்ந்தவர்களில் நான் மதிக்கும் ஆசிரியர்களும் இருப்பதைக் கண்ட பின்னர் பேசாமல் இருக்க முடியவில்லை. உழவு இயந்திரத்தை ஓட்டிச் சென்ற அந்தப் பெரியவர் அப்படி என்ன செய்துவிட்டார்? வயல் வீதிக்குள் வலப்புறம் திரும்புவதற்கு முன்னர் வேகத்தைக் குறைத்தார், பின்னால் ஒரு முறை பார்த்தார், வலது கையை நேராக நீட்டினார், நீட்டிய கையைச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார், அதன் பிறகே திருப்பினார். ஒரு சாரதி செய்ய வேண்டிய அனைத்தையும் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே செய்திருக்கிறார். அவரை வலப்பக்கத்தால் முந்தப் பாய்ந்து, கடைசி நேரத்தில் பிரேக் பிடித்துத் தடுமாறிய தம்பிமார் அதைத் தாங்களே பதிவேற்றி, எந்தக் காலத்து மனிசன் என்று தலைப்பும் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு.

தான் எங்கே போகப் போகிறேன் என்பதைப் பின்னால் வருபவனுக்கு முன்கூட்டியே அறிவித்த மனிதரைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்? அறிவித்தல் அவருடைய கடமை, அதை அவர் செய்துவிட்டார். கவனித்தல் உங்களுடைய கடமை. அதை நீங்கள் செய்யவில்லை.

கைச்சைகை ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தபோது பரீட்சை எதுவும் இருக்கவில்லை. ஐந்து சிலிங் கட்டினால் பத்திரம் கிடைத்தது. ஓடத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1893இல், பாரிஸ் நகரப் பொலிஸ் நிர்வாகம் சாரதிகளுக்குப் பரீட்சை வைக்கத் தொடங்கிவிட்டது. பிரித்தானியர்களோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓட்டினார்கள். 1934ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 24 இலட்சம் வாகனங்கள் இருந்தன, அந்த ஓராண்டில் மட்டும் வீதிகளில் 7,343 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான் 1935 ஜூன் 1ஆம் திகதி முதல் பரீட்சை கட்டாயமானது. அதுவும் 1934 ஏப்ரல் 1ஆம் திகதியிலோ அதன் பின்னரோ ஓடத் தொடங்கியவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னர் ஓடியவர்கள் கடைசிவரை பரீட்சை இல்லாமலே ஓட்டினார்கள். பரீட்சை நிலையம் என்று ஒன்றும் அப்போது இல்லை. பரிசோதகர் புகையிரத நிலைய வாசலிலோ பூங்காவின் அருகிலோ நின்று பரீட்சார்த்தியைச் சந்தித்தார். கட்டணம் ஏழு சிலிங் ஆறு பென்ஸ். அந்தப் பரீட்சையில் கை காட்டத் தெரியாதவர் சித்தியடைய முடியாது.

1931இல் ஒரு பென்னி விலைக்கு வெளியான அவர்களுடைய முதலாவது வீதி ஒழுங்கு நூலிலேயே சைகைகள் இருந்தன. வலது கையை நேராக நீட்டினால் வலப்புறம் திரும்புகிறேன் என்று பொருள். உள்ளங்கை கீழே பார்க்க மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறேன். கையைச் சுழற்றினால் இடப்புறம் திரும்புகிறேன். குதிரை வண்டிக்காரரும் விடுபடவில்லை; அவர் சாட்டையைத் தலைக்கு மேலே சுழற்றிப் பின்னர் திரும்பும் திசைக்குச் சாய்த்துக் காட்ட வேண்டும். வண்டி எதுவாக இருந்தாலும், நீ செய்யப்போவதை மற்றவனுக்கு முதலில் சொல் என்பதே அந்தச் சைகைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெரியவர் செய்ததும் அதுதான்.

என்னுடைய பெரியப்பா மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஹயர், அதாவது வாடகைக் கார், ஓடியவர். அவரிடம் இருந்தது பழைய மொரிஸ் மைனர். கதவுகளுக்கு இடையில் உள்ள தூணிலிருந்து திரும்பும் பக்கத்தைக் காட்டச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய கை வெளியே நிமிர்ந்து வருமே, அந்த வகை. 1961 வரை மொரிஸ் மைனருக்கு அந்தக் கைதான், மினுங்கும் விளக்கு அதற்குப் பிறகு வந்தது. உப்புக் காற்றும் மாரி மழையும் பட்டு அந்தக் கை பாதியில் இறுகி நின்றுவிடும். பெரியப்பா தூணில் ஒரு தட்டுத் தட்டுவார், அப்படியும் எழும்பாவிட்டால் தன்னுடைய கையை வெளியே நீட்டிவிடுவார். எழும்பினாலும் நீட்டுவார். நான் பின் இருக்கையில் இருந்து, அதுதான் எழும்பிவிட்டதே பெரியப்பா என்று கேட்டால், அது எழும்பினது எனக்குத் தெரியும் மகன், பின்னால வாறவன் கண்டானோ எண்டு எனக்கு எப்படித் தெரியும் என்பார்.

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலம் நினைவுள்ளவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். 2013இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை இந்த ஊர் அப்படித்தான் வாவியைக் கடந்தது. அங்கே முன்னால் நிற்பவர் கையை வெளியே விட்டு மேலும் கீழும் அசைத்தால் பின்னால் பஸ்ஸும் நிற்கும், லொறியும் நிற்கும். யாரும் அதைக் கேலியாகப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் நடந்த சோதனைச் சாவடிக் காலத்தில் இரவில் வாகனம் ஓடியவர்கள், தூரத்திலேயே முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட்டு, ஊர்ந்து போய் நிறுத்துவார்கள். பெரியப்பா அத்தோடு வலது கையையும் வெளியே நீட்டி, விரல்களை விரித்து வைத்திருப்பார். மண்மூட்டைக்குப் பின்னால் நிற்பவனுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் பின் இருக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். கை காட்டும் ஒரு முதியவரைப் பார்த்து இன்று சிரிக்கும்போது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது சிக்னல் லைட்தான் இருக்கிறதே, கை எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், நானும் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் சேறும் வைக்கோலும் அப்பிய உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்கு நண்பகல் வெயிலில் எவருடைய கண்ணுக்குத் தெரியும்? பிரித்தானியாவே 1975இல் கைச்சைகையைக் கார்ப் பரீட்சையிலிருந்து எடுத்துவிட்டது என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். பரீட்சையிலிருந்து எடுத்தார்களே தவிர, ஒழுங்கு நூலிலிருந்து எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் படங்கள் அங்கே அச்சாகின்றன. நம்முடைய நாட்டில் ஓடப் பழகுவோர் படிக்கும் கைநூல்களிலும் அவை இருக்கின்றன. அந்தத் தம்பிமாரும் எழுத்துப் பரீட்சைக்கு அதைப் படித்துத்தான் போயிருப்பார்கள்.

இருட்டிய பின்னர் கை தெரியாது என்பதை மறுக்க மாட்டேன். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையோடு விளக்கில்லாமல் பிரதான வீதிக்கு ஏறும் பெட்டிகளால் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டது என்பது எனக்கும் தெரியும். அதற்குச் சட்டம் கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் இந்தக் காணொளி பட்டப்பகலில் எடுத்தது. அதை வைத்து இரவைப் பற்றி என்னோடு வாதாடாதீர்கள்.

பெரியவர் வீதியை மறித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் எழுத முடியவில்லை. வீதியின் நடுப்பக்கமாக வந்து, எதிரே வருவோருக்கு வழிவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் மறிப்பதா? நெல்லை விளைவித்து உங்களுக்குச் சோறு போடும் மனிதர் தன்னுடைய வயலுக்குத் திரும்புவதற்கு உங்களிடம் இன்னும் எந்த வகையில் அனுமதி கேட்க வேண்டும்?

தம்பிமாரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. என் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் அண்மையில் ஓடப் பழகினார். பழக்கியவர் அவருக்கு எட்டுப் போடவும், பரீட்சை நடக்கும் பாதையில் எந்த இடத்தில் எந்தக் கியர் போட வேண்டும் என்றும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பின்னால் வருபவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைச்சைகையைக் கேட்டதற்கு, அதெல்லாம் பேப்பருக்கு மட்டும் படியுங்கள் என்றாராம். சாரதிப் பயிற்சி நடத்தும் அண்ணன்மார், அக்காமார் பலர் என் பதிவுகளைப் படிப்பது எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவதற்கு முன்னர் பிள்ளையை ஒரு மணித்தியாலம் சந்தியில் நிறுத்தி, சைக்கிளில் வருபவரும் உழவு இயந்திரத்தில் வருபவரும் காட்டும் கையை வாசிக்கப் பழக்குங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வேண்டுமென்றால் வாங்குங்கள், பெற்றோர் தருவார்கள்.