நகைக்கடை பெரிது, எச்சரிக்கை சிறிது

வளைவில் நிற்கும் போலீஸ் தடுப்பைப் பாருங்கள். முக்கால்வாசி இடத்தில் நகைக்கடையின் பெயர். மிச்சமிருக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மெதுவாகச் செல்லவும்'. நன்கொடையாம். எச்சரிக்கையைப் படிப்பதற்குள் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 116-வது பிரிவு இதற்கு நேர் எதிரானது. சாலைச் சின்னத்தை மறைக்கும் விளம்பரத்தையும், ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் விளம்பரத்தையும் அகற்றப் போலீஸ் அதிகாரிக்கு மாநில அரசு அதிகாரம் தரலாம் என்கிறது அது. அகற்ற வேண்டியவர்களின் தடுப்பிலேயே விளம்பரம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. வட்டம் என்றால் உத்தரவு, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல் என்று எல்.எல்.ஆர். தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அவை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பலகையின் அளவு, உயரம், இரவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளின் தரம் எல்லாவற்றையும் நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தன் 67-ஆம் எண் நெறிமுறையில் வகுத்து வைத்திருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூட முக்கோணத்தின் மேல் யாரோ ஒரு பெரியவரின் 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்தவர் பாதியில் விட்டதால், குழந்தைகளின் கால்கள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் '40' போட்ட வட்டம் வேப்பங்கிளைக்குள் மறைந்து கிடக்கிறது. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஓர் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அரசிதழில் அறிவித்தால் மட்டும் போதாது, உரிய இடத்தில் பலகையும் வைக்க வேண்டும் என்கிறது 112-வது பிரிவு. குறுகிய காலக் கட்டுப்பாடுகளுக்கு அரசிதழ் அறிவிப்பிலிருந்து மட்டுமே விலக்கு, பலகையிலிருந்து அல்ல. அப்படியானால் கிளைக்குள் இருக்கும் பலகையை வைத்து அபராதம் போடுவது என்ன நியாயம்? வேகமாகப் போனால் காருக்குக் குறைந்தது 1,000 ரூபாய். சாலையைத் தரமின்றி வைத்திருப்பவர்களுக்கும் 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்தது; ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதற்கு யாராவது சாக வேண்டும், அல்லது ஊனமாக வேண்டும். நமக்கு மட்டும் கேமராவில் சிக்கினாலே போதும்.

வேகத்துக்கு அபராதச் சீட்டு அனுப்பும்போது, அந்த இடத்துப் பலகையின் அன்றைய புகைப்படத்தையும் சேர்த்தே அனுப்பட்டும். பலகை படத்தில் தெரியவில்லையா, அபராதம் ரத்து. ஒரே மாதத்தில் ஊரிலுள்ள வேப்பங்கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டுவிடும்.