பேசினால் பிள்ளை கெட்டுப்போகுமா?

"வயசுப் பிள்ளைகளிடம் பாலுறவு பற்றிப் பேசினால், நாமே தூண்டிவிட்டது போலாகும்" என்று வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு. பாலியல் கல்வியால் பாலுறவு கூடுவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டியே சொல்கிறது. அது வகுப்பறைக் கதை.

சரி, வீட்டில்? 52 ஆய்வுகளை, அதாவது சுமார் 25,000 வளரிளம் பருவத்தினரின் விவரங்களை, 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோரோடு இதைப் பேசியவர்களிடம் ஆணுறை, கருத்தடைப் பயன்பாடு சற்றே அதிகம். சற்றேதான், மந்திரமெல்லாம் இல்லை. மகள்களிடமும், அம்மாவோடு பேசியவர்களிடமும் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவு. (டிவியில் நாப்கின் விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் அப்பாக்கள் கவனிக்க.) ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை கேட்கும்போது நேராகப் பதில் சொல்லித் தொடங்கலாம்.