‘லிமிட்டாத்தான் குடிக்கிறேன்’: அந்த லிமிட்டை யார் அளந்தது?

குடிக்கிற யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்று உண்டு: “நான் லிமிட்டாத்தான் சார்.” நானும் பல வருடங்கள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னதில்லை. சனிக்கிழமை ராத்திரி இரண்டு பெக், நண்பர்கள் சேர்ந்தால் மூன்று. மற்ற நாட்களில் தொடுவதில்லை. இதற்கு மேல் என்ன அளவு வேண்டும் என்றுதான் இருந்தேன்.

போன வருடம் ஒரு நாள், காய்ச்சல் மருந்துப் பாட்டிலோடு வருகிற குட்டி பிளாஸ்டிக் மூடி கையில் கிடைத்தது. கோடு போட்டது, 10 மில்லி பிடிக்கும். சும்மா ஒரு குறுகுறுப்பு. எப்போதும் எடுக்கிற டம்ளரில், எப்போதும் போல கண் மதிப்பில் விஸ்கியை ஊற்றினேன். பிறகு அதை அந்த மூடியால் மொண்டு மொண்டு இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினேன். ஆறோடு முடிய வேண்டும், 60 மில்லிதானே. ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஒன்பதில் வந்து நின்றது.

ஆக, என் ‘இரண்டு பெக்’ உண்மையில் மூன்று. ‘மூன்று’ என்று நான் சொன்னது நாலரை. அதுவும் நிதானமாக இருக்கும்போது ஊற்றிய அளவு இது. மூன்றாவது ரவுண்டில் கை எப்படிச் சாய்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பெக், ரவுண்டு, கிளாஸ் என்பதெல்லாம் அளவே இல்லை, கிராம்தான் அளவு. கணக்கு எளிது: எத்தனை மில்லி, அதில் எத்தனை சதவீதம் ஆல்கஹால், இரண்டையும் பெருக்கி 0.79-ஆல் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். 40 சதவீத விஸ்கி 90 மில்லி என்றால் 28 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லி என்றால் 31 கிராமைத் தாண்டிவிடும். “நான் ஹாட் தொடமாட்டேன், வெறும் பீர்தான்” என்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை படிக்கலாம்.

சரி, எத்தனை கிராம் வரை ‘அளவு’? இங்கேதான் வேடிக்கை. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10 கிராம், அமெரிக்காவில் 14. ‘ஒன்று’ என்கிற ஒரே கணக்குக்கு மூன்று எடை. பிரிட்டன் 2016-இல் ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்றது, அதாவது 112 கிராம். ஆஸ்திரேலியா 2020-இல் வாரத்துக்கு 100 கிராம், எந்த ஒரு நாளிலும் 40 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்றது. கனடாவின் கதை இன்னும் சுவாரசியம். 2011-இல் ஆண்களுக்கு வாரத்துக்கு 15 டிரிங்க், பெண்களுக்கு 10 வரை பரவாயில்லை என்று வழிகாட்டுதல் வந்தது. 2023-இல் வந்த புதிய வழிகாட்டுதலோ வாரத்துக்கு இரண்டு வரைதான் குறைந்த ஆபத்து, மூன்று முதல் ஆறு வரை மிதமான ஆபத்து, அதற்கு மேல் போகப்போக ஏறிக்கொண்டே போகும் என்கிறது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மனித மூளை ஒன்றும் மாறிவிடவில்லை. நமக்குத் தெரிந்த விஷயம் மாறியிருக்கிறது. அதே 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடலுக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று அறிவித்தது.

என் சனிக்கிழமை ‘இரண்டு பெக்’ 57 கிராம். ஆஸ்திரேலிய ஒரு நாள் கணக்கை அது ஒரே ராத்திரியில் தாண்டுகிறது. ‘லிமிட்’!

இந்தத் தப்புக்கணக்கு என் சோம்பலால் மட்டும் வந்ததில்லை, குடியின் தன்மையே அப்படித்தான் என்பது பிறகுதான் புரிந்தது. மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கிற காபா என்று ஒரு ரசாயனம், தூண்டிவிடுகிற குளூட்டமேட் என்று இன்னொன்று. ஆல்கஹால் முன்னதுக்குக் கை கொடுக்கிறது, பின்னதின் வாயைப் பொத்துகிறது. அப்படியானால் குடித்தவுடன் தூக்கம்தானே வர வேண்டும், உற்சாகம் எங்கிருந்து வருகிறது? முதலில் மங்குகிற இடங்களில் ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை. “இதைப் பேசாதே”, “நாளைக்கு வேலை இருக்கிறது”, “போதும், எழுந்திரு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிற பகுதி அது. அந்தக் குரல் தணிந்ததும் மனசு லேசாகிறது. கூடவே ஆசையைத் தூண்டுகிற டோபமைன் என்கிற ரசாயனமும் கொஞ்சம் சுரந்து, இன்னொன்று கேட்கிறது. முதல் கிளாஸை ஊற்றுவது நாம். மூன்றாவதை ஊற்றலாமா என்று முடிவு செய்பவர், முதல் இரண்டு கிளாஸைக் குடித்து முடித்தவர். அளவு பார்க்க வேண்டிய உறுப்பையே முதலில் மயக்கிவிட்டு, பிறகு அதனிடமே அளவு கேட்கிறோம்.

என் நண்பன் ஒருவன். ஒரு ராத்திரி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான், தள்ளாடவில்லை, நாக்கு குழறவில்லை. அவன் அப்பாவுக்கும் அவனுக்கும் இடையே நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக் கண் கலங்கினான். எல்லோருக்கும் அவனே கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தான், மீதியைச் சரியாக எண்ணி வாங்கினான். மறுநாள் மதியம் போன் செய்து, “நேத்து காசு யாருடா கொடுத்தது?” என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்பா கதையையும் அவன் சொன்னதாகவே நினைவில்லை. “குடிச்சதுல மறந்துபோச்சு” என்றான்.

மறந்துபோகவில்லை. மறக்க வேண்டுமானால் முதலில் பதிவாகியிருக்க வேண்டும். புது நினைவுகளைப் பதிகிற ஹிப்போகேம்பஸ், ரத்தத்தில் ஆல்கஹால் மளமளவென்று ஏறும்போது பதிவதை நிறுத்திவிடுகிறது. வெறும் வயிறு, வேகமான குடி என்றால் இது சுலபமாக நடக்கும். அப்போதும் ஆள் நடப்பான், பேசுவான், வண்டியைக்கூட எடுப்பான். மட்டையாவது வேறு, இது வேறு. அவனை எவ்வளவு ஞாபகப்படுத்தினாலும் அந்த ராத்திரி திரும்பி வராது, ஏனென்றால் அது எங்கும் எழுதப்படவே இல்லை. அப்பாவைப் பற்றி அவன் அவ்வளவு மனசு விட்டுப் பேசியது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இது எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

“கொஞ்சமா குடிச்சா நல்லதுதானே, டாக்டர்களே சொல்றாங்களே?” என்று கமெண்டில் யாராவது வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சுக்கு ஆதாரமான பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு ஓட்டை இருந்தது. ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களையும் சேர்த்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் மிதமாகக் குடிப்பவன் ஆரோக்கியமாகத் தெரியாமல் என்ன செய்வான்? மூளையை நேரடியாகப் பார்த்த ஆய்வுகளில் அந்த நன்மை தெரியவில்லை. 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, 550 பேரின் குடிப்பழக்கத்தை 30 வருடம் தொடர்ந்து குறித்து வைத்து, பிறகு மூளையை ஸ்கேன் செய்தது. வாரத்துக்கு 14 முதல் 21 யூனிட் குடித்தவர்களிடமே, குடிக்காதவர்களைவிட ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. 2022-இல் 36,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேனைப் பார்த்தார்கள். 50 வயதுக்காரர்களில் தினம் ஒரு யூனிட் குடிப்பவருக்கும் இரண்டு குடிப்பவருக்கும் இடையே தெரிந்த வித்தியாசம், மூளைக்கு இரண்டு வயது கூடியதற்குச் சமம்.

இதற்காக யாரும் பதற வேண்டாம். இவை கூட்டத்தின் சராசரி. குடிதான் காரணம் என்று இந்த ஆய்வுகளை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் ஒரு கிளாஸ் எடுப்பவரைப் பிடித்து ‘உன் மூளை சுருங்குது’ என்று மிரட்டுவது அபத்தம். எனக்குக் கவலை தருபவர் வேறு ஆள்: “எனக்கெல்லாம் ஏறாதுப்பா” என்று பெருமை அடிப்பவர். ஏறாதது பலம் இல்லை. தினமும் ஆல்கஹால் வருவதை எதிர்பார்த்து மூளை தன்னை மாற்றிக்கொண்டதன் அடையாளம் அது. அடக்குகிற பக்கம் மந்தமாகி, தூண்டுகிற பக்கம் முறுக்கேறி நிற்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வீறாப்பாகச் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர்களை ‘இன்னையோட விடு’ என்று சவால் விட்டு உசுப்பேற்றாதீர்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். முறையாக விட்டவர்களின் மூளை, சுருங்கிய இடத்தைச் சில வாரங்களிலேயே ஓரளவு மீட்கத் தொடங்குகிறது.

தூக்கத்துக்காகக் குடிப்பவர்களுக்கு ஒரு வரி: தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் அது உடைந்து உடைந்துதான் போகும். மூன்று மணிக்கு முழிப்பு வருவது அதனால்தான்.

நான் குடியை விடவில்லை, விட்டதாகச் சொல்லவும் வரவில்லை. அந்த மருந்து மூடி இப்போது பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று மூடி ஊற்றுவேன், அவ்வளவுதான், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை. முதன்முதலில் பார்த்த அன்று அந்த நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “என்னடா, டானிக் குடிக்கிறியா?” என்றான். போன வாரம் வந்தபோது, ஊற்றிய டம்ளரை என் பக்கம் தள்ளி, “சரி, என்னுதையும் அள” என்றான். அளந்தேன். 110 மில்லி. கொஞ்ச நேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது முதல் ரவுண்டுடா” என்றான்.