“பழகிவிடும்” என்று சொல்பவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நடந்த அந்த வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தின் காணொளி எல்லோர் கைக்கும் வந்திருக்கும். யார் பேசினார், எந்த மண்டபம் என்பதையெல்லாம் நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. பல வருடங்களுக்கு முன்பே சென்னைக்குப் போய் நன்றாக இருக்கிற ஒரு பெரியவர், படிப்பு முடித்த பிள்ளைகள் முன்னால் நின்று, “ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் எந்தப் பட்டணமும் பழகிவிடும், போன மாதம்கூட நம் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்துவிட்டான், அப்படி இருந்தால் உருப்பட முடியாது” என்று சொன்னார். மண்டபம் சிரித்தது. அவர் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு பெரிய நகரத்தில் காலூன்றுவது தனி ஆளின் வைராக்கியத்தால் மட்டும் நடப்பதில்லை. அங்கே முதலில் போய்ச் சேர்ந்த ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வதால்தான் நடக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மேடையில் பேசிய பெரியவருக்கும் அப்படி ஒரு கை கிடைத்திருக்கும். எனக்கும் கிடைத்தது.

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய 1996-இல் நான் வேலைக்காக அங்கே போனேன். கோயம்பேடு நிலையம் வருவதற்கு முந்தைய காலம். திருநெல்வேலியிலிருந்து போன பேருந்து விடியற்காலையில் பாரிமுனையில் இறக்கிவிட்டது. இறங்கும் இடத்தில் என் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். கடற்கரை நிலையத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று நடைமேடையில் நின்று காட்டினார். வீட்டுக்குப் போனதும் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று வரிசையாக எழுதி, மாம்பலத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். சித்தி வீட்டில் இரண்டு மாதம் சாப்பிட்டேன். பெண்கள் விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். முதல் சம்பளம் தாமதமானபோது தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, நான் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் என்று தெரிந்த ஒரே காரணத்துக்காக என் பெயரைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். இத்தனையும் இருந்தும் ராத்திரியில் தலையணை நனைய அழுதிருக்கிறேன். அப்புறம் பழகியது. என்னைப் பழக்கினார்கள் என்று சொல்வதே நியாயம்.

“நாங்கள் மட்டும் சொகுசாகவா இருந்தோம், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் நான்கு பேர் படுத்துக் கிடந்தோம்” என்று சிலர் வருவார்கள். படுத்துக் கிடந்தீர்கள், மறுக்கவில்லை. அந்த நான்கு பேரில் எத்தனை பேர் நம் ஊர்க்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுத்தது யார்? ஊரிலிருந்து மணியார்டர் வரும்வரை கைமாற்றுக் கொடுத்தது யார்? பட்ட கஷ்டத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, தாங்கிப் பிடித்தவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

நீங்கள் போன சென்னையும் இன்று பிள்ளைகள் போகிற சென்னையும் ஒன்றல்ல. 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். அதையும் 5,904 ஆக்க 2022-இல் அரசாணை வந்துவிட்டது. வேலை ஒரு மூலையில், வாடகை கட்டுப்படியாகும் அறை இன்னொரு மூலையில், தெரிந்தவர் வீடு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத வேறொரு மூலையில். 2024 தொடக்கத்திலிருந்து நம் அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. விடியுமுன் அங்கே இறங்கி நிற்கிற பிள்ளையை, வடசென்னையில் இருக்கிற மாமா எப்படி வந்து கூட்டிக்கொண்டு போவார்? வாடகைக்கு முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று அந்தச் சட்டமே வழியும் விட்டிருக்கிறது. பத்து மாத முன்பணம் கேட்கிற வீட்டுக்காரரிடம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன பேசி ஜெயிக்க முடியும்?

அந்தக் “பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த” பையன் யார் என்று என்னோடு பழகுகிறவர்களுக்குத் தெரியும். அவன் என் அண்ணன் மகன். அவன் வேலை பார்த்தது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், ஒப்பந்தத் தொழிலாளியாக. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம். ஊரில் எல்லோரும் அவன் சென்னையில் இருக்கிறான் என்றுதான் சொன்னோம், அவனோ ஒரு நாள்கூடக் கடற்கரையைப் பார்த்ததில்லை. படப்பையில் ஒரு ஷீட் போட்ட அறையில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் எழுந்து போகும்போது இன்னொருவன் வந்து அதே பாயில் படுப்பான். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அறையில் இருந்தவர்கள் மோசமானவர்கள் அல்ல, ஆனால் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். தண்ணீர் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தான். போனில் என்னிடம், “லேசாக் காய்ச்சல்தான் அத்தை, அம்மாட்ட சொல்லாதிய” என்றான். குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

என் மதினி பீடி சுற்றுகிறவர். மடியில் இருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு, அரைகுறையாக நின்ற கட்டுகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரியே பேருந்து ஏறினார். திருநெல்வேலி சந்திப்பைத் தாண்டித் தனியாக எங்கும் போகாதவர். கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூருக்கு எப்படி, அங்கிருந்து படப்பைக்கு எப்படி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான். அவன் ஓடி வரவில்லை ஐயா, அவனால் அப்போது நடக்கவே முடியவில்லை.

“வடமாநிலத்துப் பிள்ளைகள் பாஷைகூடத் தெரியாமல் வந்து வேலை செய்கிறார்களே, அவர்களால் முடிகிறதே” என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அவர்களும் தனித்தனியாக வருவதில்லை. ஒரு கிராமத்திலிருந்து கூட்டமாக வருகிறார்கள். முதலில் வந்தவன் அடுத்தவனுக்கு இடம் பார்க்கிறான், அரிசி வாங்கித் தருகிறான். அவர்களில் எத்தனை பேர் நோயோடு திரும்பிப் போகிறார்கள் என்பதை யாரும் மேடையில் சொல்வதும் இல்லை. அவர்கள் படுகிற பாட்டைக் காட்டி என் வீட்டுப் பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள். இரண்டு பேருக்கும் அது அவமானம்.

பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவே எனக்கு மனமில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை செங்கல் சூளைக்குப் போன பிள்ளை அவன்.

சென்னை மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குச் சோறு போட்ட ஊர் அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி நம் தெருக்களெல்லாம் மூழ்கியபோது, அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் தத்தளித்த அந்தச் சனம் நமக்குப் பாயும் போர்வையும் அனுப்பியது. என் கோபமெல்லாம் நம் ஆட்கள் மேல்தான். இங்கேயே வேலை இருந்தால் எந்தத் தாய் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் போகிறாள்? நான்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தைப் பற்றி எத்தனை தேர்தலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு செய்கிற ஆலை வந்து, நம் பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அப்படி இன்னும் நான்கு வரவேண்டும் என்று அந்த மேடையில் ஒருவர் வாய் திறந்தாரா? பல்லைக் கடித்துக்கொள் என்பதுதான் பிள்ளைகளுக்குக் கிடைத்த வழிகாட்டல்.

அடுத்த கூட்டம் தென்காசியில் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே பேசப் போகிறவர்கள் வைராக்கியத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில், தாம்பரத்தில் இருப்பவர் யார், அம்பத்தூரில் இருப்பவர் யார், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும். முதல் ஒரு வாரம் யார் வீட்டுத் திண்ணையில் படுக்கலாம், உடம்புக்கு முடியாவிட்டால் ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம் என்று பெயரோடு சொல்லட்டும். சென்னையில் நன்றாக இருக்கிற நம்மவர்கள் எத்தனையோ பேர். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

என் அண்ணன் மகன் இப்போது பத்தியச் சாப்பாட்டில் இருக்கிறான். உடம்பு தேறியதும் மறுபடி போவானா, இங்கேயே இருப்பானா என்பதை அவனும் அவனைப் பெற்றவர்களும் முடிவு செய்துகொள்வார்கள். இனி எந்த மேடையிலும் அவனை உதாரணம் காட்டாதீர்கள்.